செப்டம்பரா, நவம்பரா, ஜூனா: ஸ்போர்ட்ஸ் கேமை எப்போது வாங்குவது?

ஆகஸ்ட் முடிந்தால் போதும், கால்பந்து கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டு வெளியீட்டு நாளை எதிர்நோக்கி இருப்பவர்கள் ஒரு பக்கம். போன ஆண்டு கேமில் வீரர் பட்டியலையும் சட்டை நிறத்தையும் மாற்றி மறுபடியும் நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருமுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாம் கட்சியின் பேச்சை வெறும் பொருமல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நின்டெண்டோ ஸ்விட்சுக்கு ஃபிஃபா 20 தொடங்கி ஃபிஃபா 23 வரை வந்தவை 'லெகசி எடிஷன்' என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. அணியும் உடையும் புதியவை, ஆட்டம் பழையது. மற்ற கன்சோல்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 2023 முதல் ஃபிஃபா தொடருக்குப் பெயர் எஃப்சி. அதில் எஃப்சி 25-இல் ஐந்து பேர் கொண்ட 'ரஷ்' ஆட்டம் வந்தது. அணியின் வியூகத்தை அமைக்கும் முறையே மாறியது. ஆண்டுக்கு ஒன்று என்று வரும் கேம்களில் சில ஆண்டு மாற்றம் தெரியும், சில ஆண்டு தெரியாது.

வாங்கலாமா வேண்டாமா என்பது அவரவர் ஆசையைப் பொறுத்தது. எந்த மாதம் வாங்குவது என்பதற்கு மட்டும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். மற்ற கேம்களின் விலை எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்போர்ட்ஸ் கேமின் விலையோ, நம்மூர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போல, நாள் தெரிந்து இறங்குகிறது. எஃப்சி 24 வெளியானது 2023 செப்டம்பர் 29. எஃப்சி 25 வெளியானது 2024 செப்டம்பர் 27. எஃப்சி 26 வெளியானது 2025 செப்டம்பர் 26. மூன்றுமே செப்டம்பரின் கடைசி வெள்ளிக்கிழமை. அங்கிருந்து இரண்டு மாதம் போனால் நவம்பர் கடைசியில் 'பிளாக் ஃபிரைடே' தள்ளுபடி. ஏறத்தாழ பாதி விலை. கோடைத் தள்ளுபடி வரும்போது எண்பது சதவீதம் வரைகூட இறங்கிவிடும்.

இவ்வளவு வேகமாக விலையைக் குறைத்துவிட்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தோன்றலாம். கேமை விற்று வரும் காசு வியாபாரத்தின் ஒரு பகுதிதான். ஃபிஃபா, எஃப்சி கேம்களை வெளியிடும் ஈஏ நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் காட்டிய கணக்குப்படி, 2021 நிதியாண்டில் அதன் ஸ்போர்ட்ஸ் கேம்களில் வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டி ஆடும் 'அல்டிமேட் டீம்' பகுதியில் இருந்து மட்டும் வந்த வருமானம் 162 கோடி டாலர். நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் கால் பங்குக்கும் மேல். வீரர் அட்டைகள் அடங்கிய 'பேக்'குகளை ஆண்டு முழுவதும் வாங்கிக்கொண்டே இருப்பவர்களின் பணம் இது. செப்டம்பரில் முழு விலை கொடுக்கக் கூடியவரிடம் முழு விலை, நவம்பரில் தயங்கி நிற்பவரிடம் பாதி விலை, ஜூனில் சந்தா கட்டியவருக்கு இலவசம் என்று எல்லாரையும் உள்ளே வரவழைப்பதில்தான் அவர்களுக்கு லாபம். ஆகவே பொறுத்திருந்து வாங்குகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவருக்கென்று போட்டு வைத்த விலையைத்தான் கொடுக்கிறார்.

கணக்கு

வசதிக்காக ஒரு கேமின் முதல் நாள் விலை ரூ. 4,500 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செப்டம்பரில் புதியது வரும் வரை ஆடுவீர்கள் என்றால் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ரூ. 375. நவம்பர் கடைசியில் பாதி விலைக்கு வாங்கினால் பத்து மாதம் ஆடலாம், மாதத்துக்கு ரூ. 225. ஜூன் நடுவில் எண்பது சதவீதத் தள்ளுபடியில் ரூ. 900-க்கு வாங்கினால் மிஞ்சுவது மூன்றரை மாதம், மாதத்துக்கு ரூ. 257 ஆகிறது. விலைச்சீட்டில் ஜூன் மலிவாகத் தெரிகிறது. ஆடும் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் நவம்பர் முந்திக்கொள்கிறது. முதல் இரண்டு மாதத்துக்காக மட்டும் நாம் கூடுதலாகக் கொடுப்பது ரூ. 2,250. பொறுத்தார் பூமி ஆள்வாரோ இல்லையோ, இங்கே பாதி விலையில் ஆடுவார்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கேமுக்கு ஆயுள் ஓராண்டு என்பது ஆன்லைனில் ஆடுகிறவருக்குத்தான் பொருந்தும். வீட்டில் தம்பியோடு சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கும் தனியாக ஒரு கிளப்பை நடத்துகிறவருக்கும் செப்டம்பரில் எதுவும் காலாவதி ஆவதில்லை. அவர்கள் ஜூனில் ரூ. 900-க்கு வாங்கி இரண்டு ஆண்டு ஆடினால் மாதத்துக்கு நாற்பது ரூபாய்கூட ஆகாது. எனவே மாதத்தைத் தேர்வு செய்யும் முன்னால், கேமுக்குள் நுழைந்ததும் நம் விரல் எந்தப் பட்டனைத் தேடிப் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முன்பதிவும் முதல் நாளும்

முன்பதிவுக்கு ஆதரவாக ஒரே ஒரு கதை சொல்லலாம். 2022 ஜூலையில் ஃபிஃபா 23-இன் அல்டிமேட் எடிஷனுக்கு எபிக் என்ற இணையக் கடையில் இந்திய விலை ரூ. 4,799 என்று போடுவதற்குப் பதிலாக ரூ. 4.80 என்று போட்டுவிட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் பாய்ந்து வாங்கினார்கள். பிழையைத் திருத்திய பிறகும், அந்த விலைக்கு வாங்கியவர்களின் முன்பதிவை ஈஏ நிறுவனம் ரத்து செய்யவில்லை. தவறு எங்களுடையது என்று ஏற்றுக்கொண்டு கேமைக் கொடுத்துவிட்டது. முன்பதிவு செய்தவர்கள் இப்படி வென்ற இன்னொரு சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கமான நிலவரம் வேறு. அமெரிக்காவில் சாதாரணப் பதிப்பு 69.99 டாலர், அல்டிமேட் பதிப்பு 99.99 டாலர். முப்பது டாலர் கூடுதலுக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானது, ஒரு வாரம் முன்னதாக ஆடும் உரிமை. மீதியெல்லாம் பேக் வாங்கும் புள்ளிகளும் சில அட்டைகளும். அந்த முதல் வாரத்தில்தான் கேம் தன் குறைகளோடு இருக்கிறது. ஃபிஃபா 23 வந்தபோது கணினியில் வாங்கிய பலரால் கேமைத் திறக்கவே முடியவில்லை. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கச் சேர்த்த புதிய மென்பொருள், காசு கொடுத்தவர்களையே வாசலில் நிறுத்தியது. 2019 அக்டோபரில் வந்த டபிள்யூடபிள்யூஇ 2கே20 இதைவிட வேடிக்கை. மல்யுத்த வீரர்களின் முகமும் கையும் கோணல்மாணலாகப் பிய்ந்து தொங்கிய படங்கள் உலகம் சுற்றின. போதாததற்கு, 2020 ஜனவரி 1 பிறந்ததும் அந்த கேம் திறக்க மறுத்தது. கன்சோலின் தேதியை முந்தைய ஆண்டுக்கு மாற்றி வைத்தால் வேலை செய்தது. அடுத்த ஆண்டுக்கான கேமையே நிறுவனம் கைவிட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்தது.

கொனாமி நிறுவனத்தின் பழைய கால்பந்துத் தொடரான பெஸ் 2021 செப்டம்பர் 30 அன்று இ-ஃபுட்பால் என்ற பெயரில் இலவச கேமாக வந்து, வந்த வேகத்தில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் மிக மோசமான மதிப்பீடு பெற்ற கேம்களில் ஒன்றானது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 1.0 என்று சொல்லத்தக்க பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதுவாவது இலவசம், போன நேரம் மட்டும் நஷ்டம். கிளப் நிர்வாக கேமான ஃபுட்பால் மேனேஜர் 25 விஷயத்தில் முன்பதிவுப் பணமும் வாங்கிய பிறகு, 2025 பிப்ரவரியில் கேமே கிடையாது என்று அறிவித்தார்கள். பணம் திரும்பி வந்தது. ஆனால் முன்பதிவு செய்தவர் பெற்ற பலன் என்ன? டிஜிட்டல் கேம் கடையில் தீர்ந்துபோகாது. வரிசையில் முதலில் நின்றால்தான் கிடைக்கும் என்ற நிலை இல்லாத பொருளுக்கு முன்பதிவு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் நாளே வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் ஒரு நடுவழி இருக்கிறது. ஈஏ ப்ளே சந்தா அமெரிக்காவில் மாதம் 5.99 டாலர், இந்தியாவில் ரூபாயில் தனி விலை. அதில் புதிய கேமைப் பத்து மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். பிறகு வாங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடி. அதுவரை ஆடியது வீணாகாமல் அப்படியே தொடரும். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஓடும் என்பதால், மெனுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பத்து மணி நேரத்தில் ஒரு கால்பந்து கேமின் வேகமும் கோல்கீப்பரின் தரமும் தெரிந்துவிடும். சந்தா வேண்டாம் என்பவர்கள் ஸ்டீமில் வாங்கினால், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் அந்தத் தாராளம் இல்லை. தரவிறக்கத் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது.

அல்டிமேட் டீம் ஆடுகிறவர்கள்

மேலே சொன்ன பொறுமைப் பாடம் எல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அல்டிமேட் டீமில் எல்லாரும் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறார்கள். போன ஆண்டு சேர்த்த அணி புதிய கேமுக்கு வராது. எஃப்சி 25 தொடங்கியபோது ஆண்கள் பிரிவில் மிக உயர்ந்த சாதாரண அட்டை 91. எம்பாப்பேக்கும் ரோட்ரிக்கும் அந்த மதிப்பு. முதல் வாரங்களில் 84, 85 மதிப்புள்ள வீரரே கிடைத்தற்கரியவர். அந்தக் கட்டத்தில் நூறு, இருநூறு நாணயம் பார்த்துப் பார்த்துச் செலவழித்து அணி கட்டுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. ஜனவரியில் ஆண்டின் சிறந்த அணிக்கான அட்டைகள், வசந்த காலத்தில் பருவத்தின் சிறந்த அணிக்கான அட்டைகள் என்று வரிசையாக வந்து, கோடையில் பார்த்தால் 95-க்குக் கீழே உள்ளவர் பெஞ்சில் உட்காருகிறார். அந்த நேரத்தில் புதிதாக நுழைகிறவருக்குக் கிடைப்பது ஆறின கஞ்சி.

ஆகவே இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்வது: வாங்கினால் செப்டம்பரில் வாங்குங்கள், அதுவும் சாதாரணப் பதிப்பை. மிச்சமாகும் முப்பது டாலரை பேக்கில் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. நவம்பரில் வாங்கினாலும் தாக்குப்பிடிக்கலாம்; பிளாக் ஃபிரைடே நேரத்தில் ஏராளமான பேக்குகள் திறக்கப்படுவதால் கேமுக்குள் இருக்கும் சந்தையிலும் வீரர் விலை சரியும், பின்னால் வந்தவர் அப்போது ஓரளவு எட்டிப் பிடித்துவிடலாம். பிப்ரவரிக்குப் பிறகு அல்டிமேட் டீமுக்காக வாங்குவது வீண். இந்தக் கேம்களில் செலவு விலைச்சீட்டோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் பேக் வாங்கும் புள்ளிகளைப் பணத்துக்கு விற்பதை 2019 ஜனவரியில் ஈஏ நிறுத்தியது. அங்கே அதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நம் வீட்டில் அப்பாவின் கார்டு விவரம் கன்சோலில் சேமித்து வைக்கப்பட்டிருந்தால், எந்த மாதம் கேம் வாங்கினோம் என்ற விவாதத்தைவிட அதை நீக்குவது அவசரமான வேலை.

கேரியர் மோட் ஆடுகிறவர்கள்

என் ஓட்டு இவர்களுக்குத்தான், ஏனென்றால் நானும் இந்த ரகம். ஒரு சிறிய கிளப்பை எடுத்து, மூன்றாம் நிலை லீகிலிருந்து மேலே கொண்டுவருவதில் கிடைக்கும் நிறைவு எந்த பேக்கிலும் கிடைப்பதில்லை. இந்த ரகத்துக்குச் செப்டம்பர் உண்மையிலேயே தவறான மாதம். விலை மட்டும் காரணமில்லை.

எஃப்சி 25-ஐ எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் ஒருவர் பாரிஸின் பிஎஸ்ஜி அணியோடு கேரியரைத் தொடங்குகிறார். அவருடைய உலகத்தில் குவாராட்ஸ்கேலியா நாப்போலியில் இருக்கிறார், மர்மூஷ் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறார். 2025 ஜனவரியில் நிஜத்தில் முன்னவர் பிஎஸ்ஜிக்கும் பின்னவர் மான்செஸ்டர் சிட்டிக்கும் போய்விட்டார்கள். ஈஏ நிறுவனம் வீரர் பட்டியலை அப்டேட் செய்யும். ஆனால் ஏற்கெனவே சேமித்து வைத்த கேரியருக்குள் அந்த அப்டேட் நுழையாது. புதிய பட்டியல் வேண்டும் என்றால் புதிதாகத் தொடங்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் மியூனிக்கில் பிஎஸ்ஜி 5-0 என்று இன்டர் மிலானை வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிய இரவில் குவாராட்ஸ்கேலியாவும் ஒரு கோல் போட்டார். டிவியில் பார்த்த அந்த அணியோடு ஆட விரும்பியவருக்கு அக்டோபரில் தொடங்கிய கேரியர் பயன்படாது. பிப்ரவரியில் தொடங்கியவரிடம் அந்த அணி முழுதாக இருந்தது. அவர் கொடுத்த விலையும் பாதிக்குக் கீழே. இடையில் வந்த திருத்தங்களும் அவருக்குச் சும்மா கிடைத்தவை.

கேரியர் மோடில் உள்ள கோளாறுகளுக்கு முதல் திருத்தங்களில் இடம் கிடைப்பதும் அரிது. பணம் புழங்குவது அல்டிமேட் டீமில் என்பதால் அவசரச் சிகிச்சை முதலில் அங்கேதான். தனியாக ஆடுகிறவரின் புகார் வரிசையில் பின்னால் நிற்கும். இதுவும் பிப்ரவரிக்கு ஆதரவான காரணம்.

பொறுத்திருப்பவருக்கு வேறொரு லாபமும் சில ஆண்டுகளில் உண்டு. பெரிய போட்டி நடக்கும் ஆண்டுகளில் அதற்கான ஆட்டத்தை அப்டேட்டில் இலவசமாகச் சேர்க்கிறார்கள். ஃபிஃபா 23-இல் கத்தார் உலகக் கோப்பை 2022 நவம்பரில் வந்தது; எஃப்சி 24-இல் யூரோ 2024 அந்தக் கோடையில் வந்தது. முதல் நாள் வாங்கியவருக்கும் அது கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பாதிப் பேர் சலித்துப்போய் கேமை மூடி வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல், மே: காசு கொடுக்கக் கூடாத மாதங்கள்

எல்லா மாதங்களிலும் மோசமான தேர்வு எது என்று கேட்டால், செப்டம்பர் அல்ல, ஏப்ரல் என்பேன். விலை ஓரளவு இறங்கியிருக்கும், கை துறுதுறுக்கும், தேர்வு முடிந்து விடுமுறை வேறு வந்திருக்கும். அந்த வாரம் வாங்கினால் அடுத்த மாதமே அதே கேம் சந்தாவில் வந்து நிற்கும். ஃபிஃபா 22 பிளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தாவில் 2022 மே மாதக் கேமாகக் கிடைத்தது. எஃப்சி 24 அதேபோல் 2024 மே மாதம். கூடைப்பந்தில் என்பிஏ 2கே23, 2023 ஜூனிலும், என்பிஏ 2கே25, 2025 ஜூனிலும் வந்தன. எல்லா ஆண்டும் தவறாமல் வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் ஈஏ ப்ளே பட்டியலில் அந்த ஆண்டின் கால்பந்து கேம் மே அல்லது ஜூனில் சேர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவுக்குள் ஈஏ ப்ளேயும் அடக்கம் என்பதால் அவர்களுக்கும் அதே நாளில் கிடைக்கும்.

சந்தாவில் கிடைப்பது நம் சொத்தாகாது. சந்தாவை நிறுத்தினால் கேமும் திறக்காது. கோடை விடுமுறை இரண்டு மாதம் ஆடிவிட்டு விடுகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. இரண்டு மாதச் சந்தாவில் கால்பந்தோடு கூடவே கார்ப்பந்தயமும் இன்னும் பத்து கேமும் ஆடிவிடலாம். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் கன்சோலைத் திறக்கிறவர்கள் எந்த ஸ்போர்ட்ஸ் கேமையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

டிஸ்க்கில் வாங்குகிறவர்கள் வேறு கணக்குப் போடலாம். செப்டம்பரில் முழு விலைக்கு டிஸ்க் வாங்கி, நவம்பர் தள்ளுபடிக்கு முன்னால், அதாவது அக்டோபர் முடிவதற்குள், செகண்ட் ஹேண்டில் விற்றுவிட்டால் முதல் மாத ஆட்டத்துக்கு ஆன செலவு சொற்பம். தள்ளுபடி தொடங்கிய மறுநாளே பழைய டிஸ்க்கை வாங்குகிறவர் அந்த விலையைக் காட்டிப் பேரம் பேசுவார். ஜூலையில் அடுத்த கேமின் அறிவிப்பு வந்தபின் விற்கப் போனால், கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். டிஸ்க் போட வழியில்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. கன்சோல் வாங்கும்போது மிச்சம் பிடித்த சில ஆயிரத்தை இங்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அளவுக்கு மீறிப் பொறுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஃபிஃபா அமைப்புடன் இருந்த ஒப்பந்தம் முடிந்து எஃப்சி 24 வந்த 2023 செப்டம்பரில், ஃபிஃபா பெயர் தாங்கிய பழைய கேம்களை டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களிடம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இல்லை. அணி, வீரர், மைதானம், பாட்டு என்று எல்லாவற்றுக்கும் காலக்கெடு உள்ள உரிமம் இருப்பதால், ஸ்போர்ட்ஸ் கேம் கடையில் நிரந்தரமாக இருக்காது.

மற்ற ஆட்டங்கள், மற்ற மாதங்கள்

என்பிஏ 2கே செப்டம்பர் முதல் வாரத்தில் வருகிறது. விலை கால்பந்தைப் போலவே சரிகிறது. அங்கே கவனிக்க வேண்டியது சர்வர். 2கே22-இன் சர்வர் 2023 டிசம்பர் 31 அன்றும், 2கே23-இன் சர்வர் 2024 டிசம்பர் 31 அன்றும் நிறுத்தப்பட்டன. வெளியான நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டே கால் ஆண்டு. இரண்டு ஆண்டு பழைய 2கே கேம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால், ஆன்லைன் பகுதிகள் இன்னும் எத்தனை வாரம் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மல்யுத்தம் மார்ச்சில் வருகிறது, எஃப்1 மே கடைசியில் வருகிறது. எஃப்1 கேமை அந்த ஆண்டுப் பந்தயத் தொடர் முடியும் டிசம்பர் வாக்கில் வாங்கினால் நல்ல விலை. அதிலும் ஈஏ நிறுவனம் 2026-க்குத் தனி கேம் வெளியிடாமல், எஃப்1 25-க்கே கட்டணத்தோடு கூடிய ஒரு விரிவாக்கம் தருவதாகவும் அடுத்த முழு கேம் 2027-இல் என்றும் அறிவித்திருக்கிறது. கால்பந்திலும் இதையே செய்யலாமே என்று கேட்கிறவர்கள் மேலே சொன்ன 162 கோடி டாலரை மறந்துவிடுகிறார்கள்.

கிரிக்கெட்

கிரிக்கெட்டில் கதை தலைகீழ். இங்கே ஆண்டுக்கு ஒன்று என்று வருவதில்லை. மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் செய்த கிரிக்கெட் 19, 2019 மே மாதம் வந்தது. கிரிக்கெட் 22, 2021 டிசம்பரில். கிரிக்கெட் 24, 2023 அக்டோபர் 5 அன்று, இந்தியாவில் ஒருநாள் உலகக் கோப்பை தொடங்கிய அதே நாளில். போட்டி நிறுவனம் என்று சொல்லும்படி யாரும் இல்லாததால் விலை இறங்குவது மெதுவாக நடக்கிறது. கேம் ஓரளவு ஒழுங்காவதும் மெதுவாகத்தான். வெளியீட்டை ஒரு பெரிய தொடரோடு பொருத்த வேண்டும் என்ற நெருக்கடியில் கேம் அரைவேக்காடாக வந்து, பிறகு மாதக்கணக்கில் திருத்தங்கள் வருவது வாடிக்கை.

இந்திய ரசிகருக்கு இன்னொரு சிக்கல். இந்தக் கேம்களில் இந்திய தேசிய அணிக்கு உரிமம் இருப்பதில்லை. முதல் நாள் திறந்து இந்திய அணியை எடுத்தால் யாரென்றே தெரியாத பெயர்கள் மட்டை பிடிக்க வருவார்கள். உண்மைப் பெயர், முகம், உடை எல்லாவற்றையும் ரசிகர்கள்தான் கேமுக்குள் உள்ள 'அகாடமி' பகுதியில் உருவாக்கிப் பகிர்கிறார்கள், நாம் தரவிறக்கிக்கொள்ளலாம். பந்துவீசும் ஓட்டத்தைக்கூட அசலைப் போல வடித்துவிடும் கைகாரர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் கேம் கைக்கு வந்து சில வாரங்கள் வேண்டும். எனவே நமக்கு கிரிக்கெட் கேம் முழுமையாவது வெளியான நாளில் அல்ல, அந்த ரசிகர்கள் வேலையை முடித்த நாளில்.

முதல் நாள் வாங்கினால் என்ன ஆகலாம் என்பதற்கு ஆஷஸ் கிரிக்கெட் 2013-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டீமில் வந்தது. ஃபீல்டர்கள் பந்தைவிட்டு வேறு திசையில் ஓடும் வீடியோக்கள் பரவின. சில நாளிலேயே வெளியீட்டாளர் கேமைக் கடையிலிருந்து எடுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதோடு முடித்துக்கொண்டார். மறுபக்கம், ஈஏ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கிரிக்கெட் 07-ஐ இன்றைக்கும் கணினியில் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஐபிஎல் பருவத்துக்கும் புதிய அணி, புதிய சட்டை, புதிய மைதானம் என்று ரசிகர்களே ஒட்டுப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். செலவே செய்ய விருப்பமில்லை என்றால் கைபேசியில் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் இலவசம். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்தது.

கன்சோலில் அடுத்த கிரிக்கெட் கேம் வரும்போது வெளியீட்டு நாள் விமர்சனங்களைப் படித்து நேரத்தைப் போக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து, ஏற்கெனவே வாங்கிய ஒரு நண்பரின் வீட்டுக்குப் போய் இரண்டு விஷயம் பாருங்கள்: இந்திய அணிக்கு ரசிகர்கள் செய்த நல்ல பதிப்பு அகாடமியில் வந்துவிட்டதா, சுழற்பந்தில் தூக்கி அடித்த பந்தை எல்லைக்கோட்டில் நிற்பவர் பிடிக்கப் போகிறாரா அல்லது வேடிக்கை பார்க்கிறாரா. இரண்டும் சரி என்றால் முழு விலைக்கே வாங்கலாம். அடுத்தது வர எப்படியும் இரண்டு ஆண்டு ஆகும்.